உப்பளத்து மாடிக்கு ஏற்ற சவாய் கோஸ்

விக்தோர்,

உன் நலத்தை விசாரித்து இதைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பது குடும்பக் குரூப்பில் தினமும் படமாக வருகிறது. என் நலத்தைப் பற்றியோ நீயே எல்லோருக்கும் சொல்லிவிட்டாய். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேராக வருவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். இந்த ஐந்தாறு வரிகளையே பலமுறை அடித்துத் திருத்தியிருக்கிறேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் குரூப்பிலேயே போடுகிறேன். ஆகஸ்டில் நீ வந்திருந்தபோது, உப்பளம் வீட்டு மொட்டை மாடியில் காய்ந்து கிடந்த என் தொட்டிகளைப் படம் எடுத்து, "பப்பாவால ஒரு கோஸ்கூட வளர்க்க முடியல, இனிமே தனியா எப்படி?" என்று எழுதி அங்கேதான் போட்டாய். எல்லோர் முன்னாலும் கேட்கப்பட்ட கேள்விக்கு எல்லோர் முன்னாலும் பதில் சொல்வதுதான் முறை என்று நினைக்கிறேன். முறையில்லை என்றால் நீ ஆரம்பித்தது. குரூப்பில் நம் வீட்டு விவகாரம் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சில இடங்களில் உனக்குத் தெரிந்ததையே மறுபடி சொல்ல நேரும். பொறுத்துக்கொள். நான் உன்னை நிறையப் பொறுத்திருக்கிறேன்.

சொல்ல வேண்டியவை:

1. நீ பிரான்சிலிருந்து கொடுத்தனுப்பிய விதை நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. செடிகள் செத்ததற்கு என் வயது காரணம் அல்ல.
2. வீட்டு மாடியில் வளர்க்கச் சவாய் கோஸில் நல்ல ரகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது.
3. தலை கட்டாத கோஸ் கோஸே அல்ல. ஆகவே உன் விதையில் மிச்சம் இருந்ததை நான் குப்பைக் கூடையில் போட்டது சரி.
4. நீ குரூப்பில் போட்ட படமும், மறுநாள் என்னை ஏற்றிக்கொண்டு போன காரும்.
5. பிப்ரவரியில் நான் ரெட்டியார்பாளையத்துக்கு வரப் போவதில்லை.

அலுவலகத்தில் பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்குவதே என் வேலையாக இருந்தது. வரிசை எண் போடாமல் எனக்கு எழுத வராது. வரிசைப்படியே போவேனா என்பது வேறு விஷயம்.

சாதாரண முட்டைக்கோஸின் இலை வழவழவென்று இறுக்கமாக இருக்கும். சவாய் கோஸின் இலை கரும்பச்சையாக, கொப்புளம் கொப்புளமாகச் சுருங்கி, துவைத்த துணி மாதிரித் துவளும். பிரான்சில் அதை மிலான் கோஸ் என்பார்கள். நம் பெரிய மார்க்கெட்டில், ஊட்டி லாரியில் என்றைக்காவது ஒரு மூட்டை வந்தால், நோய் வந்த கோஸ் என்று நினைத்து ஒதுக்கி வைத்திருப்பார்கள். உன் அம்மா அந்த ஒதுக்கியதைத்தான் தேடிப் போய் வாங்குவாள். கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டுக்கு அந்த இலையில் கொத்துக்கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, தணிந்த தீயில் வேகவைப்பாள். நீ அதைக் கோஸ் பொட்டலம் என்பாய். அவள் போன பிறகு மார்க்கெட்டுக்கு அந்தக் கோஸ் வருவதும் நின்றுவிட்டது. நாமே வளர்த்தால் என்ன என்று ஒரு நாள் போனில் உன்னிடம் வாய்விட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நீ செய்தது.

ஊருக்கு வந்த உன் சிநேகிதனிடம் ஒரு விதைப் பாக்கெட்டைக் கொடுத்தனுப்பினாய். ரகத்தின் பெயர் பொந்துவாஸ். பாக்கெட்டின் முன்பக்கம் பனி மூடிய ஒரு தோட்டம், நடுவில் ஊதா ஓரம் போட்ட பெரிய கோஸ், அதன் மேலும் பனி. பின்பக்கம் நான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். மே, ஜூனில் விதைக்கவும். குளிர்காலம் முழுவதும் பறிக்கலாம். கடும் உறைபனியையும் தாங்கும். உறைபனியைத் தாங்கும் ரகத்தை உப்பளத்துக்கு அனுப்பிய முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். அன்றைக்கு நடந்த பேச்சு உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது.

"இங்க மே மாசம் கத்திரி வெயிலாச்சேப்பா..." என்று இழுத்தேன்.

"பப்பா, பாக்கெட்ல இருக்கறத படிங்க. ஆயுசு பூரா பிரெஞ்சு படிச்சவர்தானே நீங்க? மே, ஜூன். அவன் தெரியாமலா போட்டிருப்பான்?"

"சரிப்பா."

அவன் தெரிந்துதான் போட்டான், விக்தோர். அவனுடைய மே மாதத்தைப் போட்டான். நம்முடைய மே மாதத்தை அவன் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாய். அந்த வெயிலில் பந்து விளையாடிவிட்டு வந்து தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்தவன் நீ. ஆனாலும் பாக்கெட்டைத்தான் நம்பினாய். பிரெஞ்சுத் தொடர்பு உள்ள நம் மாதிரிக் குடும்பங்களுக்கு இது ஒரு வியாதி. மருந்தோ, சமையல் குறிப்போ, காலண்டரோ, அங்கே அச்சாகி வந்ததென்றால் நாம் சந்தேகப்படுவது நம் தலைக்கு மேல் இருக்கும் வெயிலைத்தான். எனக்கும் அந்த வியாதி உண்டு. அதனால் மே மாதம் விதைத்தேன். காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன், பழைய வேட்டியைக் கட்டி நிழல் போட்டேன். நாற்றுகள் நூல் மாதிரி நீண்டு, தரையைப் பார்த்துச் சாய்ந்து, ஒவ்வொன்றாகப் போயின. எழுபத்தெட்டு வயதுக் கிழவன் கவனிக்காததால் அவை சாகவில்லை. கவனித்துக்கொண்டே இருந்தபோது செத்தன.

உன் கல்யாணத்தை நினைத்துப் பார். அதுவும் மே மாதம்தான். அங்கே ஒரு கடையில் படம் பார்த்து, கம்பளித் துணியில் கோட்டு தைத்துக்கொண்டு வந்திறங்கினாய். பருத்தியில் ஒன்று தைத்துக்கொள்ளலாம் என்று உன் அம்மா கெஞ்சினாள். "மம்மா, இதான் அங்க எல்லாரும் போடறது," என்றாய். பூசை பாதியில் உன் முகம் வெளுத்து, நீ பீடத்துக்கு முன்னால் ஆட ஆரம்பித்ததும், சுவாமியார் மந்திரத்தை வேகமாகச் சொல்லி முடித்தார். உன் அம்மா கல்யாணப் பத்திரிகையையே விசிறியாக்கி வீசினாள். போட்டோவில் நீ இன்றைக்கும் குளித்துவிட்டுத் துவட்டாமல் நிற்பது போல இருக்கிறாய். அதைப் பார்த்து நான் ஒரு நாளும் சிரித்ததில்லை. குரூப்பில் போட்டதும் இல்லை. போட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாவது குறிப்புக்கு வருகிறேன். இதை நீ பயன்படுத்தப் போவதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் மறதிக்காரன் என்று உன்னால் அறிவிக்கப்பட்ட ஒருவன் எப்படி யோசிக்கிறான் என்று குரூப்பில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ளட்டும். செப்டம்பரில், நீ திரும்பிப் போன பிறகு, நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். எந்த ரகம் சிறந்தது என்று கேட்பதில் பயனில்லை. எனக்கு எத்தனை நாள் குளிர்ச்சி கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். சவாய் கோஸ் எந்த வெயிலிலும் முளைத்துவிடும். தலை கட்டுவதற்குத்தான் குளிர்ச்சி வேண்டும். நமக்கு அது டிசம்பரில் தொடங்கிப் பிப்ரவரி பாதியில் முடிந்துவிடும், அதுவும் விடியற்காலையில் போர்வையை இழுத்துக்கொள்ளும் அளவுக்குத்தான். அந்தச் சில வாரங்களுக்குள் தலை கட்டி முடிக்கிற ரகமே நமக்கு ஆகும். பொந்துவாஸ் நிதானமாக அரை வருஷம் எடுத்துக்கொள்ளும். குறுகிய காலத்தில் வரும் ரகங்கள் நாற்றங்காலில் ஒரு மாதம், தொட்டிக்கு மாற்றிய பிறகு இரண்டு, இரண்டரை மாதம் என்று முடிந்துவிடும். ஆகவே பாக்கெட்டில் படத்தைப் பார்க்காதே, நாளைப் பார். பறிக்கும் காலத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் விதைக்கும் காலம் தானாகக் கிடைக்கும். எனக்குச் செப்டம்பர் கடைசி என்று கிடைத்தது.

அடுத்தது வெயில் தாங்குமா என்பது. உறைபனி தாங்கும் என்று பெருமையாகப் போட்டிருக்கும் ரகத்தைத் தொடாதே. அது நமக்குச் சம்பந்தமில்லாத பெருமை. அதற்கடுத்தது அளவு. தொட்டியில் வளர்ப்பதற்குச் சின்னத் தலை கட்டும் ரகம் போதும். வீரிய ஒட்டு விதை கூடாது, அதிலிருந்து மறுபடி விதை எடுக்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். நம் ஊரில் எந்தக் கோஸும் பூத்து விதை விடும் அளவுக்குக் குளிர் இல்லை, ஆகவே அந்தக் கவலை வேண்டாம். கடைசியாக இலை. அதிகமாகச் சுருங்கிய இலைகளின் மடிப்பில் அசுவினி குடியேறிவிடும். வேப்பெண்ணெய் கரைசலை மேலே தெளித்தால் போதாது, இலையைத் திருப்பித் திருப்பி அடிக்க வேண்டும். நடுத்தரமாகச் சுருங்கிய ரகம் கிழவர்களின் முதுகுக்கு நல்லது. இப்படியெல்லாம் கழித்துப் பார்த்ததில் இரண்டு பெயர்கள் மிஞ்சின. ஒன்று அல்கோசா, சின்னத் தலை, சீக்கிரம் வருவது. இன்னொன்று சவாய் ஏஸ், கொஞ்சம் பெரிது, ஆனால் வெயிலைப் பொறுக்கும் என்று போட்டிருந்தது. இரண்டில் எது என்று முடிவு செய்ய முடியாமல் நான் ஒரு வாரம் மாடியில் நடந்தேன்.

அந்த நடையைப் பக்கத்து மாடியிலிருந்து நசீமா டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். உனக்கு அவரைத் தெரியும், குரூப்புக்காகச் சொல்கிறேன்: கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இறந்த பிறகு அவரும் தனியாகத்தான் இருக்கிறார், எங்கள் இரண்டு மாடிக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். என்னை முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்று கூப்பிடுவார், அது மரியாதையா கிண்டலா என்று இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

"இன்னா முசே, ஒரு வாரமா குறுக்கும் நெடுக்கும்? யாருக்குனா பொண்ணு பாக்கறீங்களா?"

"இல்ல டீச்சர், ரெண்டு ரகம் இருக்குது. எதுன்னு..."

"வெத சின்னதுதானே? ரெண்டையும் போடுங்க. எது வருதோ அது. நாப்பது வருஷம் புள்ளைங்களுக்கு நான் அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன். ரெண்டு வழியிலயும் போட்டுப் பாரு, எதுல விடை வருதோ அத எழுதுன்னு."

"ரெண்டுலயும் வரலன்னா?"

"வரலன்னா கேள்வி தப்பு. உங்களுக்கு இன்னா போச்சு?"

இரண்டையும் போட்டேன். நவம்பர் மழையில் தொட்டிகளைச் சுவரோரம் நகர்த்தி, மேலே பாலித்தீன் கட்டி, காற்று அடிக்கும்போதெல்லாம் குடையோடு மாடிக்கு ஓடினேன். நம் தெரு போர்த் தண்ணீர் உப்பு என்பதால் மழைத் தண்ணீரையே டிரம்மில் பிடித்து வைத்து ஊற்றினேன். சில செடிகள் வேர் அழுகிப் போயின. ஒன்றைப் புழு ஒரே நாளில் சல்லடையாக்கிவிட்டது. அல்கோசா ஆரஞ்சுப் பழம் அளவுக்குத் தலை கட்டி நின்றுவிட்டது. சவாய் ஏஸ், பொங்கலுக்குள், உரித்த தேங்காய் அளவுக்கு வந்தது. கையால் அழுத்தினால் உள்ளே இறுக்கம் தெரிந்தது. படம் எடுத்து உனக்கு அனுப்பலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். நிரூபணம் காட்டுகிற பிள்ளை மாதிரி உன் முன்னால் நிற்பதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியவன் நான் அல்ல என்பது பிறகுதான் உறைத்தது. இந்தக் கடிதத்தோடு படத்தையும் போட்டிருக்கிறேன்.

இப்போது நான்காவது குறிப்பு. காய்ந்த தொட்டிகளின் படத்தை நீ போட்டதும் உன் சித்தப்பா பிள்ளைகள் சிரிக்கிற பொம்மைகளைப் போட்டார்கள். ஒருவன், "பாவம், பெரியப்பாவுக்கு வயசாயிடுச்சு," என்று எழுதினான். நான் அதைக் கீழே கூடத்தில் உட்கார்ந்து என் போனிலேயே படித்துக்கொண்டிருந்தேன். நீ மாடியில் இருந்தாய். நானும் குரூப்பில் இருக்கிறேன் என்பதைக்கூட நீ நினைக்கவில்லை. என்னிடம் மறதி இருக்கிறது என்கிறாய்.

மறுநாள் காலை, "சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம் பப்பா," என்று காரில் ஏற்றினாய். ரவுண்டு ரெட்டியார்பாளையத்தில் ஒரு கேட்டுக்கு முன்னால் நின்றது. முதியோர் இல்லம் என்று போர்டு இருந்தது. நல்ல கட்டடம், சுத்தமான தரை, அதைக் குறை சொல்ல மாட்டேன். அங்கிருந்த மேனேஜர் அம்மா உன்னை உட்காரச் சொல்லி, உன்னிடமே எல்லாம் கேட்டார்.

"அய்யாவுக்கு சுகர் இருக்குதா சார்? தனியா நடப்பாரா?"

"நடப்பார் மேடம். கொஞ்சம் மறதி. வீட்ல எதையும் சரியா பாத்துக்க முடியல," என்றாய்.

"எனக்கா?" என்று கேட்டேன். யார் காதிலும் விழவில்லை. என் குரல் அப்படி. எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல், "இங்க மொட்ட மாடி இருக்குதுங்களா?" என்றேன்.

"இருக்குங்கய்யா. பூட்டிதான் வச்சிருப்போம். பெரியவங்கள வச்சிக்கிட்டு எதுக்கு ரிஸ்க்கு?"

"சாவி?"

"சாவி ஆபீஸ்ல இருக்கும். உங்களுக்கு எதுக்குங்கய்யா சாவி, டிவி இருக்குது, கேரம் போர்டு இருக்குது."

நீ கூட வந்திருந்த உன் மனைவி பக்கம் திரும்பி, ஒரு மாதத்தில் பழகிவிடும், முதலில் அழுவார், அப்புறம் சரியாகிவிடும் என்று சொன்னாய். பிரெஞ்சில் சொன்னாய். விக்தோர், நான் அந்த பாஷையை வைத்துத்தான் உனக்குச் சோறு போட்டேன். மேனேஜர் அம்மாவுக்குப் புரியக் கூடாது என்று அப்படிச் சொன்னாயோ, எனக்குப் புரியாது என்று நினைத்தாயோ, இந்த ஐந்து மாதமாக யோசிக்கிறேன். முதலாவது என்றால் நீ கோழை. இரண்டாவது என்றால் உன் தகப்பன் யார் என்பதே உனக்குத் தெரியாது. இந்த வாக்கியத்தை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை.

கேட்டை விட்டு வெளியே வந்ததும், "பிப்ரவரியிலேர்ந்து ரூம் சொல்லிட்டேன் பப்பா, நானே வந்து கூட்டிட்டுப் போறேன், சரியா?" என்றாய். நான் சரி என்றேன்.

அந்தச் சரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பயந்த சுபாவம் உள்ளவன். மேலதிகாரி குரலை உயர்த்தினால் சரி என்பேன், பஸ்ஸில் காலை மிதித்தவனிடமும் சரி என்பேன். போனில் நீ எது சொன்னாலும் அந்தச் சத்தம் என் வாயிலிருந்து வந்துவிடுகிறது. உன் அம்மா இருந்தபோது, நான் சரி சொன்னால் என் முகத்தைப் பார்த்து, "இவரு ஒத்துக்கல, விடு," என்று உன்னிடம் சொல்வாள். இப்போது அப்படிப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. நீ அந்தச் சத்தத்தையே கையெழுத்தாக எடுத்துக்கொள்கிறாய். மே மாதம் விதைக்கச் சொன்னாய், சரி. செடி செத்தது, அதை வைத்து நான் உதவாதவன் என்றாய், சரி. உதவாதவன் என்பதை வைத்து ரூம் பிடித்தாய், சரி. உன்னுடைய யோசனையில் செத்த செடியை என் மேல் சாட்சியாக நிறுத்தினாய். பத்திரங்களோடு வாழ்ந்தவன் சொல்கிறேன், இது எந்தக் கோர்ட்டிலும் நிற்காது.

உனக்குப் பயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் மாடிப்படியில் விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும், நீ எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்ற பயம். அதை நீ அப்படியே சொல்லியிருந்தால் நான் உட்கார்ந்து யோசித்திருப்பேன். கைப்பிடி வைக்கலாம், காலையில் வர ஒரு ஆள் போடலாம், கீழே ஒரு பகுதியை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடலாம். நீ அதைச் சொல்லவில்லை. என்னைக் கேவலப்படுத்துவது உனக்குச் சுலபமாக இருந்தது, அதைச் செய்தாய். உன் பிள்ளைகள் வளர்ந்து உன்னை இப்படி எங்காவது ஏற்றிக்கொண்டு போகும் நாளில், காரில் ஏறுவதற்கு முன் எங்கே என்று கேள். நான் கேட்கவில்லை.

மூன்றாவது குறிப்பை விட்டுவிட்டேன். சுருக்கமாகச் சொல்கிறேன். கோஸ் என்பது தலைக்காக வளர்க்கப்படுவது. தலை கட்டாமல் இலை இலையாக விரிந்து நிற்பது கீரையிலும் சேராது, கோஸிலும் சேராது. பொந்துவாஸ் நம் ஊரில் எந்த மாதம் விதைத்தாலும் தலை கட்டாது; கணக்குப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. ஆகவே செப்டம்பரில் மிச்ச விதையைப் பாக்கெட்டோடு மாடிக் குப்பைக் கூடையில் போட்டேன். உதவாத ரகத்தின் மேல் மண்ணையும் தண்ணீரையும் செலவழிப்பது பாசம் அல்ல, முட்டாள்தனம். இதை உன் காதில் விழும்படி எழுதுகிறேன்.

ஐந்தாவது. நீ பிப்ரவரியில் வருவாய். வந்து கூடத்தில் நின்று, பெட்டியை எடு பப்பா, சரியா, என்பாய். நான் என்னை அறிவேன். நேரில் உன் முகத்தைப் பார்த்தால் என் வாயிலிருந்து மறுபடி அந்தச் சத்தம் வந்தாலும் வரும். ஆகவே இப்போதே, தெளிந்த புத்தியோடு, சாட்சிகள் முன்னால் எழுதி வைக்கிறேன்: இந்தத் தேதிக்குப் பிறகு நான் வாயால் சொல்லும் எந்தச் சரியும் செல்லாது. நான் அழுதாலும், தலையாட்டினாலும், பெட்டியைக் கையில் எடுத்தாலும் செல்லாது. குரூப்பில் இருக்கும் அத்தனை பேரும் இதைப் படித்திருக்கிறீர்கள். ஒருவேளை அந்தக் கேட்டுக்குள் என்னைப் பார்த்தால், விருப்பத்தோடு வந்தார் என்று யாரும் சொல்ல வேண்டாம். இந்த வீடு என் பெயரில் இருக்கிறது. அதன் மாடிச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. அந்த மேனேஜர் அம்மாவுக்கு நீயே போன் செய்து ரூம் வேண்டாம் என்று சொல்லிவிடு. என்னைச் சொல்லச் சொல்லாதே. அவர் வற்புறுத்தினால் நான் சரி என்றுவிடுவேன்.

இந்த இடத்தில் கடிதத்தை முடித்து, பிழை பார்த்து, நாளை போடுவதாக இருந்தேன். இன்று மதியம் நசீமா டீச்சர் சுவருக்கு மேலே ஒரு மூடிய தட்டை நீட்டினார். திறந்தால் கோஸ் பொட்டலங்கள். நூல் கட்டவில்லை, இலை தானே மடங்கி நின்றது. உள்ளே கீமா, கொத்துமல்லி, பச்சை மிளகாய். உன் அம்மா செய்வது மாதிரி இல்லவே இல்லை. நின்றபடியே மூன்றைத் தின்றுவிட்டேன்.

"டீச்சர், எந்தக் கடையில கெடச்சிது இந்தக் கோஸு?"

"கடையா? உங்க கூடையில கெடச்சிது. பாக்கெட்டோட தூக்கிப் போட்டிருந்தீங்க. எட்டி எடுத்துக்கிட்டேன். அக்டோபர்ல தூவுனேன், தண்ணித் தொட்டிக்குப் பின்னால."

"பொந்துவாஸா? அது இங்க தலையே கட்டாதே!"

"கட்டலதான். இன்னா இப்போ? ஒரு மாசமா வெளி எலையா கிள்ளிக்கிட்டிருக்கேன், திரும்பத் திரும்ப வருது. ஏன் முசே, நீங்க சுருட்டறது எலையத்தான? தலைக்கு எதுக்குத் தவம் கெடக்கறீங்க?"

சுவரோரம் ஸ்டூல் போட்டு எட்டிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஊதா ஓரம் போட்ட பெரிய பெரிய இலைகள், நடுவில் தலை என்று எதுவும் இல்லாமல், ஆரோக்கியமாக விரிந்து கிடந்தன. என் சவாய் ஏஸின் இலைகளைவிட அகலமானவை. சுருட்டுவதற்கு அவைதான் வசதி. இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது, ஏனென்றால் நீ சிரிப்பாய், உன் சித்தப்பா பிள்ளைகள் பொம்மை போடுவார்கள். ஆனாலும் தப்பான வாசகத்தைத் தெரிந்தே விட்டுவிடுவது என் தொழிலில் வழக்கமில்லை. நீ மாதத்தைத்தான் தவறாகச் சொன்னாய், விதை கெட்டதல்ல. அதை நான் குப்பையில் போட்டது தவறு, தலை கட்டாத கோஸ் கோஸே அல்ல என்று எழுதியதும் தவறு. ஆகவே மூன்றாவது குறிப்பை அடித்துவிட்டுப் படி. சாப்பிட்டு முடித்த பிறகு மற்ற நான்கு குறிப்பையும் மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன், குறிப்பாக ஐந்தாவதை. அதில் பிழை இல்லை.

பப்பா